உறவுமுறைக் கட்டத்தில் நான் எழுதியது

1

இன்று காலை வந்த கடிதத்தில் நான்கு வரிதான் இருந்தது. சென்ற வருடம் எனக்குக் கொடுத்த எழுத்துமூல எச்சரிக்கைக்குப் பன்னிரண்டு மாதம் முடிந்துவிட்டதாம். அது இன்றோடு காலாவதியாம். இனி என் கோப்பில் அது இருக்காதாம். கடைசியில் வாழ்த்துகள் வேறு. எதற்கு வாழ்த்து என்று எனக்குப் புரியவில்லை. ஒரு வருடமாக எந்தப் பிணத்தின் பின்னாலும் போகாமல் இருந்தேனே, அதற்காக இருக்கலாம்.

நான் எதையும் திருடவில்லை, யாரையும் அடிக்கவில்லை. ஒரு நாள் வேலைக்குப் போகாமல் ஒரு சாவுக்குப் போனேன். குற்றம் அவ்வளவுதான்.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இலங்கை மலைநாட்டில், அப்புத்தளையிலிருந்து கொஸ்லந்தைப் பக்கம் இறங்கும் சரிவில் ஒரு தேயிலைத் தோட்டம், அதில் மேல்பிரிவு, நான்காம் லயம் என்ற வரிசை வீடு. அங்கே பிறந்தவள் நான். என் கணவர் பதுளை பஜாரில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல்காரராக இருந்தார். அவருடைய கைப்பக்குவம்தான் எங்களை இங்கிலாந்தின் வடக்கே உள்ள இந்த ஊருக்குக் கொண்டுவந்தது. வந்து பதினோரு வருடம் ஆகிறது. அவர் இங்கேயும் அடுப்படியில்தான் நிற்கிறார். நான் ஆஸ்பத்திரித் துணிகளை வெளுத்துக் கொடுக்கும் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். மகள் தர்ஷினி இங்கே வரும்போது அவளுக்கு ஒன்பது வயது. இப்போது இருபது. வேறு ஊரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள், சனி ஞாயிறுகளில் ஒரு பெரிய கடையில் வேலை பார்க்கிறாள்.

என் வேலையைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். ஈரமாக வெளியே வரும் பெட்ஷீட்டை இரண்டு பேர் பிடிக்க வேண்டும். ஆளுக்கு ஒரு முனை. இழுத்து விரித்து, சுருக்கமில்லாமல் சூட்டு உருளைக்குள் விட வேண்டும். ஒருவர் வேகமாக இழுத்தால் மற்றவருக்குத் தோள் போய்விடும். நான்கு வருடம் என் பெட்ஷீட்டின் மறுமுனையைப் பிடித்திருந்தவர் டெரிக் என்ற வெள்ளைக்காரர். அறுபது வயது தாண்டியவர், தனியாள்.

2

மனிதர்கள் என்னைத் தப்பாகப் புரிந்துகொள்வது எனக்குப் பழகிப்போன விஷயம். இங்கே வந்த புதிதில் ஓர் அலுவலகத்தில் என் பிறப்புச் சான்றிதழின் மொழிபெயர்ப்பைக் கொடுத்தேன். இனம் என்ற கட்டத்தில், தோட்டத்து ஆட்களுக்கு எழுதுகிற மாதிரி, இந்தியத் தமிழர் என்று இருந்ததைப் பார்த்துவிட்டு, அப்படியானால் உங்கள் இந்தியக் கடவுச்சீட்டு எங்கே என்று கேட்டார் அங்கிருந்தவர். தெளிந்த நாளில் எங்கள் மலையில் நின்றால் தெற்கே கடல் வரைக்கும் தெரியும், இந்தியா தெரியாது. என் அப்பாவின் அப்பாவும் அந்தத் தோட்டத்தில்தான் பிறந்தார் என்று சொன்னேன். அவர் திரும்பவும் கட்டத்தைக் காட்டினார். மூன்று மாதம் அலைந்தேன்.

தமிழ்க் கடைக்குப் போனால் அங்கே வேறு கதை. கருவேப்பிலை வாங்க நின்ற யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் என் பேச்சைக் கேட்டுவிட்டு நீங்கள் இந்தியாவோ என்றார். இல்லைங்க, பதுளைப் பக்கம் என்றேன். அப்படியென்றால் உங்கள் தமிழ் ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டார். எங்கள் தமிழ் அப்படித்தான் இருக்கும், உங்கள் தமிழ் ஏன் அப்படி இருக்கிறது என்று நான் அவரைக் கேட்கவில்லையே என்றேன். இப்போது நாங்கள் நல்ல சிநேகிதம்.

தப்பாகப் புரிந்துகொள்வதில் நானும் சளைத்தவள் இல்லை. வேலையில் சேர்ந்த முதல் வருடம், சனிக்கிழமை வர விருப்பமா என்று ஒவ்வொரு வெள்ளியும் மேற்பார்வையாளர் மார்க் கேட்பார். தோட்டத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் காலையில் பேர் கூப்பிட்டு, இன்றைக்கு அந்த மலைக்குப் போகிறாயா என்று துரை கேட்டால் அது கேள்வி ஆகாது, கட்டளை. அப்படித்தான் நான் எடுத்துக்கொண்டேன். ஏழு மாதம் ஒரு சனிக்கிழமை விடாமல் போனேன். தர்ஷினியின் பள்ளிக்கூட விழா ஒன்றுக்குக்கூடப் போகவில்லை. ஒரு நாள் டெரிக்தான் என்னைப் பார்த்து, அவன் உன்னைக் கேட்கத்தான் செய்கிறான், முடியாது என்று சொல்லலாம், தெரியுமா என்றார். எனக்குத் தெரியாது. அடுத்த வெள்ளி முடியாது என்றேன். மார்க் சரி என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார். அந்த ஏழு மாதத்தை நினைத்து அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது எனக்கு.

ஆக, முடியாது என்று சொல்லக் கற்றுக் கொடுத்தவர் டெரிக். இது பின்னால் வரும்.

3

அவரும் நானும் ஒட்டி உறவாடினோம் என்று நினைத்துவிட வேண்டாம். அவர் இறப்பதற்கு முன் இரண்டு மாதம் நான் அவரோடு பேசவே இல்லை. நான் வேகமாக இழுக்கிறேன் என்று அவர் மார்க்கிடம் போய்ச் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். என்னிடம் சொல்லாமல் மேலே போய்ச் சொன்னதை என்னால் பொறுக்க முடியவில்லை. எங்கள் ஊரில் அதற்குக் கோள் மூட்டுவது என்று பேர். அன்றிலிருந்து காலை வணக்கம்கூடக் கிடையாது. பெட்ஷீட்டைப் பிடிப்பேன், உருளையைப் பார்ப்பேன், முகத்தைப் பார்க்க மாட்டேன்.

இங்கேயும் காலையில் வேலை தொடங்கும் முன் எல்லோரையும் நிறுத்தி வைத்து ஐந்து நிமிடம் பேசுவார்கள். என் மனதில் அதற்குப் பெரட்டு என்றுதான் பேர். ஒரு திங்கட்கிழமை அந்தப் பெரட்டில் மார்க் தொண்டையைச் செருமிக்கொண்டு, டெரிக் சனிக்கிழமை வீட்டில் மாரடைப்பில் இறந்துவிட்டார், எல்லோருக்கும் வருத்தமான செய்தி என்றார். கொஞ்ச நேரம் தலையைக் குனிந்து நின்றார். பிறகு, இன்றைக்கு இரண்டு ஆஸ்பத்திரிக்கு அவசரமாகத் துணி போக வேண்டும் என்றார்.

நான் நேரே போய்க் கையுறையைக் கழற்றினேன். மேலங்கியை மாட்டிக்கொண்டேன், பையை எடுத்துக்கொண்டேன், வாசலுக்கு வந்து நின்றேன். மற்றவர்கள் வருவார்கள், சேர்ந்து போகலாம் என்று காத்திருந்தேன். எங்கே போவது என்றுகூடத் தெரியாது. யாராவது வீட்டைக் காட்டுவார்கள் என்று நினைத்தேன். உள்ளே இயந்திரங்கள் ஒவ்வொன்றாக ஓட ஆரம்பித்தன. வாசல் காவலர் வந்து உடம்பு சரியில்லையா என்று கேட்டார். அப்போதுதான் வேறு யாரும் வரப்போவதில்லை என்று எனக்கு உறைத்தது.

திரும்பிப் போனேன். பெட்ஷீட்டின் மறுமுனையில் வேறு யாரோ நின்றார்கள். நான் அன்று மெதுவாகத்தான் இழுத்தேன்.

4

அங்கே தோட்டத்தில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு நான் ஏன் வாசலில் நின்றேன் என்று விளக்க வேண்டியதில்லை. இங்கே பிறந்து வளரும் பிள்ளைகளும் ஒரு நாள் இதை வாசிக்கலாம், அவர்களுக்காகச் சொல்கிறேன்.

தோட்டத்தில் ஒரு சாவு என்றால் அந்தப் பிரிவில் வேலை நின்றுவிடும். செய்தி மலைக்கு ஏறி வரும். வந்த இடத்தில் கூடையை இறக்குவார்கள். அதுவரை எடுத்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டுக் கீழே இறங்குவார்கள். அன்றைக்கு அரைநாள் சம்பளத்துக்குப் பேர் போட்டால் போடட்டும், போடாவிட்டால் போகட்டும். செத்தவர் யார், நல்லவரா, நமக்கு என்ன முறை என்ற பேச்சே எழாது. நாங்கள் புறப்படுவதற்குக் கொஞ்ச காலம் முன்னால் பக்கத்து மீரியபெத்த தோட்டத்தில் மண் சரிந்து லயங்கள் புதைந்தபோது எங்கள் பிரிவு ஆண்கள் மண்வெட்டியோடு போனார்கள். அந்த நாட்களில் பெரட்டுக்களத்தில் ஆள் இல்லை. மண்ணுக்குள் இருப்பவர்கள் உங்களுக்கு யார் என்று அவர்களை ஒருவரும் கேட்கவில்லை.

என் அம்மாவுக்கும் லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த சரோஜா அக்காவுக்கும் மூன்று வருடமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. தண்ணீர் பிடிக்கும் பீலியில் யார் குடத்தை முதலில் வைப்பது என்பதில் தொடங்கிய சண்டை. குழந்தைகளான எங்களைக்கூடப் பேச விடமாட்டார்கள். சரோஜா அக்காவின் புருஷன் செத்த செய்தி வந்தபோது அம்மா தேயிலைச் செடி வரிசையில், நிறையின் நடுவில் இருந்தார். கூடையை இறக்கினார். புதிதாக வந்திருந்த கண்டக்டர் ஐயா, தேயிலை மலையில் எங்களை மேய்ப்பவர், அம்மாவை மறித்தார்.

"ஒனக்கு என்னா மொறை வேணும் அந்தாளு?"

"ஒரே லயம்ங்க."

"மொறையக் கேட்டா லயத்தச் சொல்ற?"

"அதுதாங்க மொறை" என்றார் அம்மா, போய்விட்டார்.

இரண்டு நாளும் சாவு வீட்டுக்கு வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தது அம்மாதான். சரோஜா அக்காவைப் பிடித்துக்கொண்டு அழுததும் அம்மாதான். பதினாறாம் நாள் முடிந்தது. மறுநாள் பீலியில் இரண்டு பேரும் பழையபடி முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். எனக்கு அப்போது அது வேடிக்கையாக இருந்தது. இப்போது அதைவிட நேர்மையான ஒன்றை நான் பார்த்ததில்லை என்று தோன்றுகிறது.

5

டெரிக்குக்கு உடனே சாவுச் சடங்கு நடக்கவில்லை. இங்கே மூன்று வாரம்கூட உடலைக் குளிரில் வைத்திருப்பார்கள். ஒரு புதன்கிழமை காலை பதினொரு மணிக்குத் தகனம் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். நான் விடுப்புக்கு விண்ணப்பித்தேன்.

படிவத்தில் இறந்தவருடன் உங்கள் உறவுமுறை என்று ஒரு கட்டம். கணவன் அல்லது மனைவி, பெற்றோர், பிள்ளை, உடன்பிறந்தவர் என்று வரிசையாக இருந்தது. கடைசியில் வேறு என்று ஒரு சின்ன இடம். அதில் ஆங்கிலத்தில், பெட்ஷீட்டின் மறுமுனை, என்று எழுதிக் கொடுத்தேன்.

மார்க் கெட்டவர் இல்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டார். சம்பள விடுப்புகளை நீ முடித்துவிட்டாய், அந்தப் புதன்கிழமைக்கு ஆள் குறைவு, இந்தக் காரணத்துக்கு விடுப்புக் கொடுக்க விதியில் இடமில்லை என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, அன்று காலை உனக்குக் காய்ச்சல் என்று போன் செய்தால் நான் எதுவும் கேட்க மாட்டேன் என்றார். எனக்குக் காய்ச்சல் இல்லையே என்றேன். கோபப்படாமல் சிரித்தார். அடுத்த மாதம் எங்கள் வரிசைக்கு என்னைக் குழுத் தலைவியாகப் போடப் பேச்சு நடப்பதை நினைவுபடுத்தினார்.

தர்ஷினி அப்போது விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். அவள் இன்னொரு வழி சொன்னாள். டெரிக் உங்களுக்கு அண்ணன் மாதிரி, குடும்ப நண்பர், அவர் இல்லாமல் இங்கே நீங்கள் தனித்துப்போய்விட்டீர்கள் என்று தானே ஒரு கடிதம் எழுதித் தந்தாள். அழகான ஆங்கிலம். படித்துவிட்டு, வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தேன். அவரோடு இரண்டு மாதம் பேசாமல் இருந்துவிட்டு, செத்த பிறகு அண்ணன் என்று எழுதினால் அது பிணத்தின் மேல் ஏறி நின்று சொல்லும் பொய். அவர் எனக்கு அண்ணன் இல்லை. என்னோடு வேலை செய்தவர். அது போதாதா?

புதன்கிழமை மார்க்குக்குப் போன் செய்தேன். இன்றைக்கு வர முடியாது, டெரிக்கின் சாவுக்குப் போகிறேன் என்றேன். அவர் பெருமூச்சு விட்டது கேட்டது.

தகன மண்டபத்தில் இருபது நிமிடம்தான் கொடுத்திருந்தார்கள். அடுத்த சாவுக்காரர்கள் வெளியே வரிசையில் நின்றார்கள். உள்ளே என்னோடு சேர்த்து ஐந்து பேர். டெரிக்கின் தங்கை, அவர் கணவர், மது அருந்தும் இடத்து நண்பர் ஒருவர், சடங்கு நடத்துபவர். பெட்டியை மூடியே வைத்திருந்தார்கள். முகம் பார்க்க முடியாது என்றார்கள். நான் பெட்டியின் ஒரு முனையைத் தொட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

முடிந்ததும் தங்கை என்னிடம் வந்து, அண்ணனை உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். பெட்ஷீட்டின் மறுபக்கம் பிடிப்பவள் என்றேன். அவர் முகம் மாறியது. ஓ, நீங்கள்தானா என்றார். உங்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறார், மின்னல் வேகத்தில் இழுப்பீர்களாமே, உங்களுக்கு ஈடு கொடுக்க முடியாமல் அவருக்கு இடது கையெல்லாம் வலி, உருளையின் வேகத்தைக் குறைக்கச் சொல்லி மேலே கேட்டாராம், அவர்கள் கேட்கவில்லையாம் என்றார். உங்களிடம் மெதுவாக இழுக்கச் சொல்ல வேண்டியதுதானே என்று தங்கை கேட்டதற்கு, அவள் வேலை நன்றாகச் செய்கிறாள், அவளை ஏன் நான் குறைத்துச் செய்யச் சொல்ல வேண்டும் என்றாராம்.

என்னைப் பற்றிக் கோள் மூட்டினார் என்று நான் நினைத்தேன். இயந்திரத்தைப் பற்றித்தான் சொல்லியிருக்கிறார். அந்த இடது கை வலி உருளையினால் வந்ததா, நெஞ்சிலிருந்து வந்ததா என்று எனக்குத் தெரியாது. ஒரு வார்த்தை முகம் பார்த்துக் கேட்டிருந்தால் டாக்டரிடம் போகச் சொல்லியிருப்பேன். எனக்கு மிகவும் வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

வீட்டுக்குப் பின்வாசல் வழியாக வந்து, எதையும் தொடாமல், நேரே குளியலறைக்குள் போய்த் தலை முழுகினேன். வெளியே வந்தபோது தர்ஷினி நின்றாள். குளிர்காலத்தில் பட்டப்பகலில் தலையை நனைத்துக்கொண்டு வந்து சளி பிடிக்க வைத்துக்கொள்வீர்கள், இதையெல்லாம் தோட்டத்திலேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம் என்றாள். சாவு வீட்டுக்குப் போனால் முழுகிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்றேன். அது சாவு வீடே இல்லை, இருபது நிமிடம் வாடகைக்கு எடுத்த மண்டபம் என்றாள்.

6

பத்து நாள் கழித்து விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அனுமதியில்லாமல் வராமலிருந்தது என்பது குற்றச்சாட்டு. மொழிபெயர்க்க ஆள் வைத்துக்கொள்ளலாம் என்றதால் தர்ஷினி வந்தாள். மேசைக்கு அந்தப் பக்கம் மார்க்கும் மனிதவளப் பிரிவைச் சேர்ந்த ஒரு பெண்ணும். நான் எழுதிய படிவம் அவர்கள் முன்னால் இருந்தது.

அந்தப் பெண் நல்ல மாதிரி. எப்படியாவது என்னைக் காப்பாற்றப் பார்த்தார். இது உங்கள் மதத்தில் கட்டாயக் கடமையா, அப்படியென்றால் அதற்குத் தனி விதி இருக்கிறது என்றார். கோயிலில் யாரும் இப்படிச் சொல்லவில்லை என்றேன். பண்பாட்டு வழக்கமா என்றார். வேலை வழக்கம் என்றேன். நாங்கள் வேலை செய்யும் இடத்தில் ஒருவர் செத்தால் வேலையை நிறுத்துவோம், அவ்வளவுதான். நீங்கள் நெருக்கமாக இருந்தீர்களா என்றார். இல்லை, இரண்டு மாதம் பேசவில்லை என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அப்படியானால் ஏன் போனீர்கள் என்று நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆசையோடு கேட்டார். அவர் செத்துவிட்டார், அதனால் போனேன் என்றேன். இதைவிடத் தெளிவாக ஒரு காரணத்தை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

கடைசியில், மறுபடியும் இப்படி நடந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். எல்லாம் இந்தப் பதிலில்தான் இருக்கிறது என்று தர்ஷினிக்கு விளங்கிவிட்டது. தமிழில் மெதுவாகச் சொன்னாள்.

"அம்மா, இனிமே செய்ய மாட்டேன்னு மட்டும் சொல்லிருங்க. அவங்களுக்கு அது போதும். விட்டுருவாங்க."

"திரும்பவும் போவேன்னு சொல்லு."

"அம்மா, அந்தப் புது வேலை போயிரும்."

"போகட்டும். நான் சொன்னத அப்படியே சொல்லு, தர்ஷி. மாத்தாத."

அவள் மேசையைப் பார்த்தாள். அவள் என்ன மொழிபெயர்க்கிறாள் என்று விளங்கும் அளவுக்கு எனக்கு ஆங்கிலம் வரும், அது அவளுக்கும் தெரியும். இருந்தும் மாற்றிவிடுவாளோ என்று பயந்தேன். பிறகு அவள் நிமிர்ந்து, அம்மா திரும்பவும் போவார் என்று சொன்னாள். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

எழுத்துமூல எச்சரிக்கை கிடைத்தது. பன்னிரண்டு மாதத்துக்குள் இன்னொன்று என்றால் வேலை போகும். குழுத் தலைவி வேலை வேறொருத்திக்குப் போனது. அவள் நன்றாகத்தான் நடத்துகிறாள். வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் தர்ஷினி என் பக்கத்தில் உட்காரவில்லை, இரண்டு இருக்கை தள்ளி உட்கார்ந்தாள். இறங்கும்போது, உங்களுக்குப் பிடிவாதம் பிடிக்க வேண்டும், அதற்கு ஒரு செத்த மனிதர் கிடைத்தார், அவ்வளவுதான் என்றாள். அது எனக்கு வலித்தது. அந்த எச்சரிக்கைக் கடிதம் வலிக்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் விடுமுறைக்கு வருவது குறைந்தது. போனில் பேசினால் சாப்பாடு, பரீட்சை, குளிர் என்று மூன்று நிமிடத்தில் முடித்துவிடுவாள். இவளையும் அந்த வேலையோடு சேர்த்து இழந்துவிட்டேனோ என்று இந்த ஒரு வருடத்தில் பல நாள் பயந்திருக்கிறேன். ஆனாலும் அந்தப் பதிலை மாற்றிச் சொல்லியிருக்கலாம் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

7

இன்று காலை கடிதத்தைப் படம் எடுத்து அவளுக்கு அனுப்பினேன். உடனே போன் செய்தாள்.

உங்கள் கோப்பு இப்போது சுத்தமாகிவிட்டது என்றாள். முன்னால் மட்டும் அழுக்காகவா இருந்தது என்று கேட்டேன். அவள் சண்டைக்கு வரவில்லை.

"அம்மா, ஒண்ணு சொல்றேன். திட்டக் கூடாது."

"சொல்லு."

"எங்க கடையில டிரொலி எல்லாம் அடுக்குற ஒருத்தர் இருந்தாரு. எனக்கு அவ்வளவா பழக்கமில்ல. செத்துட்டாரு. போன சனிக்கிழமை காலையில அடக்கம்."

"போனியா?"

"லீவு கேட்டேன். என்ன உறவுன்னு கேட்டாங்க. எனக்கு உங்கள மாதிரி வராதும்மா. வயித்து வலின்னு பொய் சொல்லிட்டுப் போனேன்."

எனக்குக் கோபம் வந்தது. உண்மையைச் சொல்ல வேண்டியதுதானே, அதற்கு என்ன பயம் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வரும்போது கட்டாயம் திட்டுவேன். அதை விடப்போவதில்லை. ஆனால் அப்போது என் வாயிலிருந்து வந்தது வேறு.

"வந்து தலை முழுகுனியா?"

"முழுகுனேம்மா" என்றாள். "முழுகிட்டுத்தான் ரூமுக்குள்ள போனேன்."